இரண்டு தடவை செத்த மனுஷன்

அத்தியாயம் 7

'ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளதால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

போனில் வந்திருந்த அந்த ஒற்றை வரியைச் சுகந்தி பஸ்ஸில் ஏறியதிலிருந்து நாலாவது தடவையாகப் படித்தாள்.

"என்னண்ணே இது? அப்பா செத்து ரெண்டு மாசம் முழுசா ஆகலை. வாரிசுச் சான்றுக்கு நாம இப்பத்தான் எழுதிப் போட்டோம். அதுக்குள்ள வேற யாரு வாங்கிட்டுப் போனா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த விஜயபாண்டி வெளியே ஓடுகிற கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். நாற்பதைத் தொடும் வயது. டிப்பர் லாரி ஓட்டுகிறவன். அவன் இவ்வளவு பேசாமல் வந்து அவள் பார்த்ததில்லை.

"கம்ப்யூட்டர்ல ஏதாவது தப்பா விழுந்திருக்கும் பாப்பா. போய்க் கேட்டாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

இந்த இரண்டு மாதத்தில் அந்தக் குடும்பம் பட்டது கொஞ்சமில்லை. கொத்தமல்லிக்காட்டில் களை பார்த்துக்கொண்டிருந்த அப்பா பால்ச்சாமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சுடுகாட்டில் விஜயபாண்டி, "கொள்ளி வைக்கிறேன். மொட்டை மட்டும் போட மாட்டேன்" என்று நின்றுவிட்டான். ஒரே மகன் இப்படிச் சொன்னால் ஊர் காறித் துப்பும். ஆனால் கீழக்குருந்தங்குளத்துப் பெரியவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு, "சரிதான், விடுங்கப்பா" என்று நாவிதரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது ஏன் என்று சுகந்திக்கு விளங்கவில்லை. கோபத்தில் பதினாறாம் நாள் வரை அண்ணனோடு அவள் பேசவும் இல்லை.

அப்புறம் அவனே வந்தான். "அப்பா வாங்குன ஒண்ணேகால் ஏக்கர் என் பேருலயும் உன் பேருலயும் சேர்ந்தே ஏறட்டும் பாப்பா. அப்பா ஆசை அது" என்றான். அருப்புக்கோட்டையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற சுகந்திக்கு நிலத்தை வைத்து என்ன செய்வது என்றுகூடத் தெரியாது. ஆனால் 'பால்ச்சாமி மகள் சுகந்தி' என்று ஒரு அரசாங்கத் தாளில் ஏறும் என்பது பிடித்திருந்தது. கோபம் போய்விட்டது.

அந்தத் தாளைத்தான் இப்போது இல்லை என்கிறார்கள்.

தாலுகா ஆபீஸில் ஜெயக்குமார் என்ற எழுத்தர், கணினியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய பதிவேடு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து வந்து விரித்தார்.

"பால்ச்சாமி, கீழக்குருந்தங்குளம். குடுத்திருக்கும்மா. தொண்ணூத்தாறுல."

"தொண்ணூத்தாறா? சார், எங்கப்பா செத்தது இந்த வருசம். வேற பால்ச்சாமியா இருக்கும்."

"இருக்கலாம். வாரிசுக பேரைப் படிக்கேன், கேளுங்க. மனைவி சங்கரம்மாள்."

"எங்கம்மா."

"மகன் விஜயபாண்டி, மைனர்."

"எங்கண்ணன்."

"தாயார் பிச்சையம்மாள்."

பிச்சையம்மாள் அப்பாவைப் பெற்றவள். அவள் செத்தே பதினைந்து வருஷம் ஆகிறது.

"மூணு பேருதான் இருக்கு" என்றார் ஜெயக்குமார். "சுகந்தின்னு இதுல பேரே இல்லையே. நீங்க யாரு?"

"மகள்."

"எந்த வருசம் பொறந்தீக?"

"தொண்ணூத்தெட்டு."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் பட்டா மனுவோடு நின்ற ஒரு ஆள்தான் எட்டிப் பார்த்துச் சொன்னான்:

"அப்பன் செத்து ரெண்டு வருசம் கழிச்சுப் பிள்ளையா? நல்லாத்தான்யா இருக்கு கூத்து."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுகந்தி திரும்பவில்லை. காது மட்டும் கொதித்தது.

"நீ உன் மனுவைப் பாருய்யா" என்று ஜெயக்குமார் அவனை அதட்டிவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். "இந்தாம்மா, குடி. இது நாங்களா எழுதுனது இல்ல. கோர்ட்டுத் தீர்ப்பை வச்சு எழுதியிருக்கு. அசல் வழக்கு எண்பத்தேழு, பாரு தொண்ணூத்தஞ்சு. அந்த வருசத்து எண்பத்தேழாவது கேஸு. அருப்புக்கோட்டையில போயி அந்தத் தீர்ப்பைப் பாருங்க. அது நிக்கிற வரைக்கும் ரெண்டாவதா ஒரு சான்று நாங்க குடுக்க முடியாது. ஒரு ஆளு ரெண்டு தடவை சாக முடியாதுல்ல?"

சுகந்தி பக்கத்தில் திரும்பினாள். அண்ணன் இல்லை. வாசலுக்கு வெளியே, பைக்குகள் நிற்கிற இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னாள். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. உள்ளே கேட்டதைவிட அதுதான் அவளை உலுக்கியது.

"உனக்குத் தெரியுமாண்ணே?"

"அருப்புக்கோட்டைக்குப் போவோம் பாப்பா. நானும் அந்தத் தாளைப் பாத்ததில்லை."

"நான் கேட்டது அதில்ல."

"பஸ்ஸு வருது. ஏறு."

கோர்ட்டு வளாகத்தில் வக்கீல் அனுசியாவின் குமாஸ்தா காசிராஜனை ஒரு டீக்கடையில் பிடித்தார்கள். முப்பத்தைந்து வருஷமாக அந்த வளாகத்துக்குள் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த மனுஷன். வழக்குக் கட்டு எங்கே இருக்கும், யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு வீட்டு அடுப்படி மாதிரி.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க" என்றார். "உயில் எழுதி வச்சிருக்காரா?"

"இல்ல அண்ணாச்சி."

"உயில் இருந்தா அது ஒரு பாதை. இல்லையா, நிலத்துக்குப் பட்டா மாத்த வாரிசுச் சான்று போதும். தாசில்தாரு குடுப்பாரு. பேங்குல பணம், பத்திரம்னு கிடந்தா இறங்குரிமைச் சான்று கேப்பான். அது இங்க, கோர்ட்டுல மனுப் போட்டு வாங்கணும். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டுப் பாதிப் பேரு அங்கிட்டும் இங்கிட்டும் அலையுறான். உங்களுக்கு எது வேணும்?"

"எங்கப்பா எப்பச் செத்தாருன்னு தெரியணும் அண்ணாச்சி" என்றாள் சுகந்தி.

காசிராஜன் சிரிக்கப் போனவர், அவள் நீட்டிய துண்டுச் சீட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எண்பத்தேழு, பாரு தொண்ணூத்தஞ்சு. முப்பது வருசமாச்சேம்மா. கட்டை அழிச்சிருப்பாக. சாட்சி சொன்ன தாளு, வக்காலத்து, எல்லாம் போயிருக்கும். ஆனா தீர்ப்பையும் தீர்ப்பாணையையும் அழிக்க மாட்டாக. அது இருக்கும். நகல் வேணும்னா நாளாகும். கண்ணால பாத்தாப் போதும்னா வக்கீலம்மாகிட்டக் கையெழுத்து வாங்கிப் பார்வை மனுப் போடுறேன். ஸ்டாம்பு ஒட்டிக் குடுத்துட்டு உக்காந்திருங்க."

உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. விஜயபாண்டி இரண்டு பொட்டலம் தக்காளிச் சாதம் வாங்கி வந்தான். இரண்டு பேரும் பிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் காசிராஜன் கையசைத்தார். ஆவண அறையில் துணியில் கட்டி அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை. அதன் மேல் ஓரம் பொடிந்த, தட்டச்சடித்த நாலு தாள்.

"தொட்டுப் புரட்டாதீக, உதிரும். நானே புரட்டுறேன்" என்றார் ஆவணக் காப்பாளர் அம்மா.

சுகந்தி குனிந்து படித்தாள்.

'வாதிகள்: 1. சங்கரம்மாள், க/பெ பால்ச்சாமி. 2. மைனர் விஜயபாண்டி, வயது 10, இவருக்காக இயற்கைக் காப்பாளர் தாயார் முதல் வாதி.'

வழக்குப் போட்டது யாரோ எதிரி என்றுதான் காலையிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா வகையறா யாராவது, நிலத்துக்காக.

'மேற்படி பால்ச்சாமி 1988-ஆம் வருடம் தை மாதம் வீட்டை விட்டுச் சென்றவர், ஏழு வருடங்களுக்கு மேலாக அவரைப் பற்றி இயல்பாகத் தெரிந்திருக்கக்கூடியவர்கள் எவரும் யாதொரு தகவலும் கேள்விப்படவில்லை என்று முதல் வாதி சத்தியப் பிரமாணத்தின் பேரில் சாட்சியம் அளித்துள்ளார். எனவே அவர் இறந்துவிட்டதாக அனுமானித்து விளம்புகை செய்யப்படுகிறது.'

"நம்ம அம்மாவா?" என்றாள். "நம்ம அம்மாவா ஏறி நின்னு அப்பா செத்துட்டாருன்னு சொல்லுச்சு?"

"வெளிய வா பாப்பா."

"நீ ரெண்டாவது வாதிண்ணே. உன் பேரு இருக்கு."

"வெளிய வான்னு சொல்றேன்ல."

வேப்பமரத்தடி சிமெண்டுப் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். காசிராஜன் விரல் விட்டுச் சொன்னார்.

"சட்டப்படி உங்கப்பா தொண்ணூத்தாறுல செத்தாச்சு. அதுக்கப்புறம் தொண்ணூத்தெட்டுல அவருக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை. ரெண்டாயிரத்து நாலுல ஒண்ணேகால் ஏக்கர் கிரயம். இப்ப ரெண்டு மாசத்துக்கு முன்னால மறுபடியும் சாவு. நான் பாக்காத கட்டு இல்ல. இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. ஏந்தம்பி, ஆளு எப்பத் திரும்பி வந்தாரு?"

"தொண்ணூத்தேழு ஆடியில" என்றான் விஜயபாண்டி. "நாக்பூர்ப் பக்கம் ஏதோ முறுக்குக் கம்பெனியில இருந்தாராம்."

"வந்த மறுநாளே இங்க ஒரு மனுப் போட்டு அந்தத் தீர்ப்பை உடைச்சிருக்கணுமே! அதை ஏன் செய்யலை?"

"உடைச்சோம் அண்ணாச்சி. சாமி முன்னால வச்சு உடைச்சோம்."

சுகந்தி அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்பா போனப்ப எனக்கு மூணு வயசு. அஞ்சு வருசமா ஒரு தகவலும் இல்ல. குறி சொல்ற கோடாங்கிகிட்டக் கேட்டாக. ஆளு உசுரோட இல்லைன்னுட்டான். வைக்கோல்ல ஒரு உருவம் செஞ்சு, அப்பா வேட்டியைச் சுத்தி, சுடுகாட்டுல வச்சாக. நான்தான் கொள்ளி வச்சேன். எனக்கு எட்டு வயசு. மொட்டை போட்டாக."

"அதான் இப்ப…"

"ஒரு அப்பனுக்கு ஒரு மொட்டைதான் பாப்பா. ரெண்டாவது போட்டா அது அம்மாவுக்குப் போட்டதா ஆயிரும்னு நம்ம பக்கம் சொல்லுவாக. பெரியாளுகளுக்குத் தெரியும். அதான் விட்டாக."

பதினாறு நாள் அவனோடு பேசாமல் இருந்ததைச் சுகந்தி நினைத்துக்கொண்டாள்.

"திரும்பி வந்தவரை வாசல் வழியா வீட்டுக்குள்ள விடல. காரியம் பண்ணி முடிச்ச ஆளு பிணம் கணக்கு. ஊருணியில முங்க வச்சு, புதுத் துணியில போர்த்தி, நெல்லுப் புடைக்கிற சுளகுல உக்கார வச்சாக."

"சுளகுலயா?" என்றார் காசிராஜன்.

"சும்மா ஒப்புக்கு, அண்ணாச்சி. பச்சைப்பிள்ளையைச் சுளகுல போடுவாகல்ல, அப்படி. பிச்சையம்மாள் கிழவி சீனித் தண்ணியை விரல்ல தொட்டு அப்பா நாக்குல சேனை வச்சுச்சு. இம்புட்டுப் பெரிய மீசையை வச்சுக்கிட்டு அவரு சப்புறாரு. ஊரே சிரிக்குது. அவரு மட்டும் அழுகுறாரு. அப்புறம் கோயில்ல வச்சு அம்மாவுக்குப் புதுசாத் தாலி கட்டுனாரு. புதுசாப் பொறந்தாச்சு, பழைய சாவு செல்லாதுன்னு பூசாரி சொன்னாரு. முடிஞ்சதுன்னு எல்லாரும் கறிச்சோறு தின்னுட்டுப் போயிட்டாக."

காசிராஜன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சாமி கேட்டுக்கிடுச்சு. கோர்ட்டுக்கு எவன் சொல்றது?"

"அது யாருக்கும் தோணல."

"தோணலையா, சொல்ல முடியலையா? அந்தத் தீர்ப்பை வச்சு வீட்டுல யாரும் எதுவும் வாங்குனீகளா?"

விஜயபாண்டி செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினான். "அம்மாவுக்குச் சத்துணவுக் கூடத்துல சமையல் வேலை. ஆதரவற்ற விதவைன்னு."

சுகந்திக்கு அம்மாவின் பொட்டு ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் தினமும் காலையில் பார்த்த ஒன்று. அம்மா வேலைக்குக் கிளம்பும்போது முந்தானையால் குங்குமத்தை அழுத்தித் துடைப்பாள். மெட்டியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போடுவாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுப் பின் குத்துவாள். சாயங்காலம் வந்ததும் முகம் கழுவி, மறுபடி பெரிதாகப் பொட்டு வைப்பாள். ஏன் என்று கேட்டால், "அடுப்புச் சூட்டுல வேர்த்து வடியும் பிள்ள" என்பாள். உள்ளூரில் பள்ளிக்கூடம் இருக்க, சுகந்தியை மட்டும் இரண்டு மைல் நடந்து அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். ஊருக்குத் தெரிந்தாலும், ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் முன்னால், அம்மா சமைக்கிற பள்ளிக்கூடத்தில், 'இது எங்கம்மா' என்று சொல்லிவிடக் கூடாத பிள்ளை அவள்.

இருபத்தேழு வயதில் அது இப்போதுதான் புரிகிறது.

"பயப்படாதம்மா" என்றார் காசிராஜன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "வழி இருக்கு. ஆளு திரும்பி வந்தாரு, வாழ்ந்தாரு, இப்பத்தான் செத்தாருன்னு கோர்ட்டு அறிவிக்கணும்னு விளம்புகை கேட்டுப் புதுசா ஒரு வழக்குப் போடலாம். ஆதார் இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, கிரயப் பத்திரத்துல கைநாட்டு இருக்கு. எல்லாம் பலம்தான். ஆனா உங்கம்மா பிரமாணப் பத்திரம் குடுக்கணும். அதுல ஒரு வரி. 'நான் சாட்சி சொன்ன அன்னைக்கு என் புருசன் உசுரோட இருக்கிறது எனக்குத் தெரியாது. செத்துட்டாருன்னு நம்பித்தான் சொன்னேன்.' அந்த ஒத்த வரியில எல்லாம் நிக்குது. வேலை வாங்குனதும் அதுல அடங்கிரும். நம்பிச் சொன்னது குத்தமில்ல."

"நம்பித்தானே சொன்னாக!" என்றாள் சுகந்தி. காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. "வைக்கோல் பொம்மையை எரிச்சு அழுதவுக, நம்பாமயா இருந்திருப்பாக?"

"அப்ப முடிஞ்சது. நான் வக்கீலம்மாகிட்டச் சொல்லி எழுத வைக்கிறேன். சாயங்காலம் போன் போடுறேன்."

விஜயபாண்டி தக்காளிச் சாதப் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தான். ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் தின்றார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சங்கரம்மாள் முற்றத்தில் சுளகில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா போட்டுவிட்டுப் போன கடைசி வெள்ளாமை.

"எங்க போயிட்டு வாறீக ரெண்டு பேரும்? கஞ்சி அப்படியே கிடக்கு."

"கோர்ட்டுக்கும்மா" என்றாள் சுகந்தி.

சுளகு நின்றது.

"எண்பத்தேழு, பாரு தொண்ணூத்தஞ்சு. பாத்துட்டோம்."

சங்கரம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் தொட்டித் தண்ணீரில் கால் கழுவப் போய்விட்டான். மெதுவாகச் சுளகைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு தடவை தாலி அறுத்தவ நான்" என்றாள். "ஒரு நாள் நீ கேப்பேன்னு தெரியும்."

"நான் சண்டைக்கு வரலம்மா. அந்தத் தாளுல என் பேரு இல்ல. அது இருக்கிற வரைக்கும் அப்பாவுக்குப் பொறந்தவன்னு நான் எங்கயும் எழுத முடியாது. வரிசையில நின்ன ஒருத்தன் என்ன கேட்டான் தெரியுமா? சரி, விடு. குமாஸ்தா வழி சொல்லியிருக்காரு. நீ ஒரே ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அப்பா உசுரோட இருக்கிறது அன்னைக்கு உனக்குத் தெரியாது, நம்பித்தான் சொன்னேன்னு. அவ்வளவுதான்."

சங்கரம்மாள் சிந்திய மல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"என்னம்மா?"

"அந்த ஒண்ணை மட்டும் எழுத வேணாம்னு சொல்லு பிள்ள."

"அதுதாம்மா முக்கியம்."

"எழுத முடியாது."

"ஏன்?"

"ஏன்னா தெரியும்."

சுகந்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வாய்தாவுக்கு ஒரு வாரம் இருக்கையில அருப்புக்கோட்டை பஸ்ஸ்டாண்டுல பாத்தேன்" என்றாள் சங்கரம்மாள். "வக்கீல் குடுத்த தாளு என் கையில இருந்துச்சு. எலும்பும் தோலுமா எதுக்க வந்து நிக்கிறாக. எனக்கு உசுரே போயிருச்சு. என்ன தாளுன்னு கேட்டாக. கேஸு தாளுன்னேன். யாரு கேஸுன்னாக. உங்க கேஸுதான், நீங்க செத்துட்டீகன்னு போட்டிருக்குன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சிரிச்சாக. அப்புறம் எதுக்குன்னு கேட்டாக. விதவைக்கு ஒரு வேலை காலியா இருக்குன்னு வாத்தியாரு சொன்னாரு, இந்தத் தீர்ப்பு வந்தாத்தான் கிடைக்கும்னேன். தாளை வாங்கிப் பாத்தாக. 'ஏழு வருசமா நான் உங்களுக்குச் சோறு போடல சங்கரு. நான் செத்தாத்தான் உங்களுக்குச் சோறுன்னா, செத்தே இருந்துட்டுப் போறேன். நீ போயிச் சொல்லு'ன்னாக."

"அம்மா…"

"சொன்னேன். கோர்ட்டுல ஏறி நின்னு, சாமி சத்தியமா ஒரு தகவலும் இல்லைன்னு சொன்னேன். நான் சொல்லிக்கிட்டிருக்கையில உங்கப்பா எதுத்தாப்ல டீக்கடைப் பெஞ்சுல உக்காந்திருந்தாக."

தொட்டிப் பக்கம் தகரக் குவளை விழுந்து உருண்டது. விஜயபாண்டி ஈரக் காலோடு வந்து நின்றான்.

"அப்ப அன்னைக்கு கோர்ட்டுக்கு உன்கூட வந்தப்ப நான் பாத்தது?"

"உங்கப்பாதான்யா."

"நான் சொன்னேன்லம்மா! வீட்டுல மாலை போட்டிருக்கிற போட்டோவுல உள்ள ஆளு டீக் குடிக்காருன்னு சொன்னேன்ல! நீ என் வாயைப் பொத்துன. அது பேயி, திரும்பிப் பாக்காதன்ன. அதுக்கப்புறம் எத்தனை வருசம்… அப்பா திரும்பி வந்த பெறகும், அவரு பக்கத்துல படுக்கவே எனக்குப் பயம்மா. அவருக்கும் அது தெரியும்மா. கடைசி வரைக்கும் தெரியும்."

சங்கரம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சுகந்தி அண்ணனையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் தாளில் இல்லாத பிள்ளை. இவன் தாளில் இருந்தும் அப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை.

"வேணாம்மா" என்றாள். "விடு. எனக்குப் பேரும் வேணாம், நிலமும் வேணாம்."

அப்போதுதான் போன் அடித்தது. காசிராஜன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, வக்கீலம்மா எழுதிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க. பயப்பட ஒண்ணுமில்ல. வக்கீலம்மா ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. அன்னைக்கு உங்களுக்குத் தெரியாதுல்லன்னு. தெரியாதுன்னு சொன்னா முடிஞ்சது."

சங்கரம்மாள் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"குடு பிள்ள."

"அம்மா, வேணாம்…"

"குடுன்னேன்ல." போனை வாங்கி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நான் சங்கரம்மாள் பேசுறேன். நாளைக்கு வாரேன். என் மக பேரு அந்தத் தாளுல ஏறணும். ஆனா ஒரு தடவை சாமி மேல பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன், ரெண்டாவது பண்ண மாட்டேன். உள்ளதைத்தான் சொல்லுவேன்னு வக்கீலம்மாகிட்ட இப்பவே சொல்லிருங்க."

"உள்ளதுன்னா…" என்றார் காசிராஜன். "என்னம்மா உள்ளது?"

சங்கரம்மாள் வாயைத் திறப்பதற்குள் விஜயபாண்டி எட்டிப் போனைப் பறித்து அணைத்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கச்சியைத்தான் பார்த்தான். கத்தவும் இல்லை, தணிந்த குரலில்தான் கேட்டான்.

"நாளைக்கு நீதானே கூட்டிட்டுப் போவ? அம்மாவை ஜெயிலுக்குள்ள தள்ளித்தான் உன் பேரை எழுதணுமா பாப்பா?"

சுகந்தி வாய் திறக்குமுன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சங்கரம்மாள் மகளின் பதிலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள்.